வாசல்வரை வந்த சப்பாத்து

அரியரத்தினத்தின் வீட்டில் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்தது. அது கெட்ட வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தைகளை அவர் மூன்றாம் மாடிக்குப் படியேறும்போது தன் முழங்காலைப் பார்த்துத் தாராளமாகவே சொல்லுவார். சொல்லக்கூடாத சொல் 'ஆமி'.

அவருடைய ஒரே மகன் மதீசன் ஜெர்மன் ராணுவத்தில் நாலு வருடம் இருந்துவிட்டு அந்தக் கோடையில்தான் விலகியிருந்தான். அதில் ஒரு பகுதி ஆப்கானிஸ்தானில். ஆனால் எசன் நகரத்துத் தமிழர்கள் யாராவது தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டால், அரியரத்தினத்தின் மனைவி புஸ்பவதி "அரசாங்க உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் தேத்தண்ணி போட எழும்பிவிடுவாள். பொய்யும் இல்லை. சம்பளம் கொடுத்தது அரசாங்கம்தான்.

புஸ்பவதியைக் குறைசொல்லவும் முடியாது. ஊரில், சுன்னாகத்தில் அவள் வீட்டுக்கு ஆமி வந்தபோது மதீசன் கைக்குழந்தை. அரியரத்தினம் அப்போது ஜெர்மனியில் அகதி முகாம் ஒன்றில் முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டிருந்தார். வந்தவர்கள் புஸ்பவதியின் தம்பியைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த நாளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவள் தம்பியைப் பற்றிக் கதைக்கமாட்டாள். சப்பாத்தைப் பற்றித்தான் கதைப்பாள். சேற்றுச் சப்பாத்தோடு குசினிக்குள் வந்தார்கள், அவித்த மாவைப் பரப்பியிருந்த கடதாசியில் ஏறி மிதித்தார்கள், அடுப்படியில் அடையாளம் பதிந்து கிடந்தது, கழுவக் கழுவப் போகவில்லை என்பாள். மதீசனுக்குச் சோறு தீத்தும்போதும் இதே கதைதான். பேய்க்கதை கேட்டு வளர்கிற பிள்ளைகள் உண்டு; அவன் சப்பாத்துக் கதை கேட்டு வளர்ந்தான்.

அப்படிப்பட்ட பிள்ளை, ஜெர்மன் பாஸ்போட் எடுத்த கையோடு கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வர, போனான். போனவன் அங்கேயே தங்கிவிட்டான். முதல் விடுமுறைக்கு ராணுவ உடுப்போடு வந்து மணியடித்தபோது, கதவைத் திறந்த புஸ்பவதி குளியலறைக்குள் ஓடிப்போய்ப் பூட்டிக்கொண்டாள். வெளியே வர வெகுநேரம் எடுத்தது. அன்றைக்கு அரியரத்தினம் ஒரு சட்டம் போட்டார். இனி எசன் ஸ்டேஷன் கழிவறையில் உடுப்பு மாற்றி, சப்பாத்தையும் பையில் வைத்து, சாதாரணப் பிள்ளையாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும். மனைவிக்கு நிம்மதி, சனத்துக்கும் தெரியவராது. மதீசன் அப்படியே செய்தான்.

சனத்துக்குத் தெரியவராது என்பது அரியரத்தினத்தின் நினைப்பு. அந்தக் கழிவறையைத் துப்புரவு செய்கிறவர் ஸ்ரீதரன் என்கிற, சுன்னாகத்துக்குப் பக்கத்து உடுவில்காரர். அரியரத்தினம் வேலை செய்வது ஆஸ்பத்திரி விரிப்புகள் தோய்க்கிற சலவை ஆலையில், விடியப் போய்ப் பின்னேரம் வருகிறவர். அவருக்கு இது தெரியவே தெரியாது.

இதெல்லாம் பழைய கதை. புதிய கதை என்னவென்றால், ஆப்கானிஸ்தானிலிருந்து மாசி மாதம் திரும்பிவந்து ஒருமுறை முகம் காட்டியதோடு சரி, மதீசன் வீட்டுக்கு வரவில்லை. ராணுவத்தை விட்டு விலகிய பிறகும் வரவில்லை. ராணுவத்தில் கூட இருந்த சிநேகிதனோடு மூன்ஸ்டர் பக்கத்தில் அறையெடுத்து இருந்தான். புரட்டாதியில் ஒருநாள் பிரிங்க்மன் என்கிற ஒருவர் ரெலிபோன் எடுத்தார். முன்னாள் ராணுவக்காரர், முன்னாள் படையினர் சங்கத்துக்காக ஆண்டுதோறும் ஆற்றுக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறவர். குடும்பத்தில் ஒருவர் கூட வரலாம் என்றார். புஸ்பவதிக்கு அந்தக் கூட்டத்துக்குள் போய் நிற்க ஏலாது. அரியரத்தினம் போவதாக முடிவானது.

சனிக்கிழமை பின்னேரம் குசினி முழுக்க எண்ணெய்ப் புகை.

"இஞ்சருங்கோ, எத்தினை பேர் வருவினம்?"

"ஒரு பஸ் சனம் எண்டு அந்தாள் சொன்னவர்."

"அப்ப உந்த றோல்ஸ் காணாது. இன்னும் கொஞ்சம் சுத்துவம்."

"மீன் பிடிக்கப் போற சனத்துக்கு மீன் றோல்ஸ் கட்டிக்கொண்டு போற முதல் ஆள் நானாத்தான் இருப்பன்."

"மீன் பிடிபடாட்டி என்ன செய்வினம்? பட்டினி கிடக்கிறதே." புஸ்பவதி றொட்டியை மடித்து ஓரத்தை ஒட்டினாள். "அதென்ன மீன்பிடி, வலையும் இல்லையாம், புழுவும் இல்லையாம்."

"கோழிச்செட்டையிலை பூச்சி மாதிரிக் கட்டி எறியிறதாம். மீன் பூச்சியெண்டு நினைச்சு வந்து கவ்வுமாம்."

"மீனுக்கு என்ன விசரே?"

"உம்மடை அரசாங்க உத்தியோகத்தைச் சனம் நம்பேல்லையே?"

அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாளைக்குப் பின்னேரம் நான் புட்டு அவிச்சு வைப்பன். இப்பதான் அந்த உடுப்பும் இல்லையே. இனி ஏன் வரமாட்டனெண்டு கேளுங்கோ."

"நீரே போனிலை கேட்டிருக்கலாம்."

"நான் கேட்டா 'பாப்பம் அம்மா' எண்டுறான். பாப்பம் எண்டா இல்லையெண்டுதான். அவன் உங்கடை பிள்ளை, எனக்குத் தெரியாதே?"

எசனில் பாலத்துக்குக் கீழே அகன்று, அசையாமல் கிடக்கிற ரூர் ஆறு, மறுநாள் காலை அவர் போய் இறங்கிய சவர்லாண்ட் மலையில் ஒரு வாய்க்கால் அளவுதான் இருந்தது. தெளிந்த தண்ணி, உருண்டைக் கல், கரையெல்லாம் அல்டர் மரங்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. மூன்ஸ்டரிலிருந்து வேறொரு பஸ்ஸில் வந்து இறங்கிய மதீசனை அரியரத்தினம் தூரத்திலேயே கண்டுகொண்டார். மெலிந்திருந்தான். பச்சையும் மண்ணிறமும் கலந்த பழைய ராணுவ ஜாக்கெற்றும், காலில் உயரச் சப்பாத்தும். மழைக்கு நல்லது என்று இன்னும் சிலரும் அப்படித்தான் வந்திருந்தார்கள். மகனை அந்த உடுப்பில் அவர் பார்ப்பது இது இரண்டாம் தடவை.

"என்னப்பா, குளிருதோ?" என்றான் மதீசன்.

"இல்லை. அம்மா றோல்ஸ் தந்துவிட்டவ."

"ஓம், மணக்குது."

அவ்வளவுதான் கதை. பிரிங்க்மனுக்கு ஒரு முழங்கால் மடங்காது, கொசோவோவில் போனதாம். ஆனால் தூண்டிலைக் கையில் எடுத்தால் ஆள் வேறு. முதலில் புல்வெளியில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, தூண்டில் முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டைக் கட்டி, தூண்டிலைப் பின்னால் வீசி, ஒரு கணம் பொறுத்து, முன்னால் விடப் பழக்கினார். பின்னால் போன நூல் நேராகும்வரை பொறுக்கவேண்டும்; அவசரப்பட்டால் எல்லாம் காலடியில் சிக்கும். ராணுவத்தில் எதையெல்லாமோ செய்த பெரிய பெரிய ஆட்கள் புல்லுக்குள் நூல் எறிந்து நின்றதைப் பார்க்க அரியரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. மதீசனின் நூல் மட்டும் ஒவ்வொரு தடவையும் நேராகப் போய் விழுந்தது.

"அரியரத்தினம்!" என்று பிரிங்க்மன் பெரிதாகக் கூப்பிட்டார்.

"யா," என்று சொல்லிக்கொண்டு அரியரத்தினம் ஓடிப்போனார். பிரிங்க்மன் அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, உங்களை இல்லை, உங்கள் மகனை என்றார். கூட நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். மதீசனும் சிரித்தான். அரியரத்தினம் தன் பெயரை இந்த நாட்டில் ஒருவரும் ஒழுங்காக உச்சரிக்கக் கேட்டதில்லை. சலவை ஆலையில் அவர் இருபது வருடமாக வெறும் 'அரி'. இவர்கள் ஒரு எழுத்தும் தின்னாமல் சொன்னார்கள்.

மத்தியானம் கூடாரத்தின் கீழ் றோல்ஸ் பறந்தது. கியோஸ்டர் என்கிற பெண்மணி அவருக்குப் பக்கத்தில் வந்திருந்தார். மதீசனோடு ஓரறையில் இருக்கிற ஸ்வெனின் தாய். கண்ணீர் வரும் உறைப்போடு இரண்டாவது றோல்ஸைத் தின்றுகொண்டே, மாசி மாதம் பிள்ளைகள் திரும்பிவந்த நாளைப் பற்றி ஆசையாகச் சொன்னார். ராணுவ முகாம் மண்டபத்தில் எல்லாக் குடும்பங்களும் பூவோடும் பலூனோடும் நின்றதாம். பேரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பிள்ளையும் ஓடிப்போய்த் தன் ஆட்களைக் கட்டிப்பிடித்ததாம். உங்கள் மகன்தான் பாவம், கோப்பி மேசைக்குப் பக்கத்தில் தனியாக நின்றான், என் கணவர்தான் ரெயினுக்குக் கொண்டுபோய் விட்டார். உங்கள் இருவருக்கும் அன்றைக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னான். இந்த முதலாளிமார் எல்லோரும் ஒரே மாதிரித்தான் என்று சொல்லி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"யா," என்றார் அரியரத்தினம். "வேலை."

அன்றைக்கு அவருக்கு லீவு. குடும்பத்தை அழைத்திருக்கிறார்கள் என்று மதீசன் சொன்னபோது, "சனம் நிக்கிற இடம், படமெல்லாம் எடுப்பினம், பேந்து ஆரும் கண்டா அம்மாவுக்குத்தான் கரைச்சல். நீ வழமையைப் போல மாத்திப்போட்டு வா," என்று ரெலிபோனில் சொன்னவர் அவர்தான். அது அவருக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. கையில் இருந்த றோல்ஸை அவர் திரும்பக் கடதாசியில் வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது. மகன் தன்னை அந்த மனிசியிடம் காட்டிக்கொடுக்கவில்லை என்பது வெட்கத்தை இன்னும் கூட்டியது.

மத்தியானத்துக்குப் பிறகு தண்ணிக்குள் இறங்கினார்கள். மதீசனுக்குக் கொஞ்சம் மேலே தனியான இடம் ஒதுக்கியிருந்தார்கள். அரியரத்தினத்துக்கும் நெஞ்சுவரை வருகிற ரப்பர் காற்சட்டை ஒன்று கொடுத்து, கையில் வலைக்கூடையும் தந்தார்கள். மகன் பிடித்தால் அவர் அதால் கோலி எடுக்கவேண்டும். மதீசன் எறிந்துகொண்டிருந்தான். நூல் பின்னால் போகும், நிற்கும், முன்னால் வரும். கிட்டப் போய் ஏதாவது சொல்லலாம் என்று இரண்டடி வைத்த அரியரத்தினம் பாசிக்கல்லில் வழுக்கி, ஆற்றுக்குள் விழுந்துவிட்டார். காற்சட்டைக்குள் தண்ணி கடகடவென்று இறங்கியது. எழும்ப முடியவில்லை.

தூண்டிலைக் கரையில் எறிந்துவிட்டு மதீசன் வந்த வேகத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அக்குளுக்குள் கைகொடுத்து ஒரே இழுவையாகக் கரைக்கு இழுத்தான். காற்சட்டையைக் கழற்றித் தண்ணியைக் கவிழ்த்தான். நனைந்த மேற்சட்டையையும் கழற்றச் சொல்லி, மரத்தில் கொழுவியிருந்த தன் ஜாக்கெற்றை எடுத்து அவருக்குப் போட்டுச் சிப்பை இழுத்துவிட்டான். சின்னப்பிள்ளைக்குப் போடுவதுபோலப் போட்டான்.

அரியரத்தினம் குனிந்து பார்த்தார். நெஞ்சில் வலது பக்கத்தில் ஒரு துணிப்பட்டி. அதில் பெரிய ஜெர்மன் எழுத்தில் அவருடைய பெயர் இருந்தது.

அவருக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. இந்த நாட்டுக்கு வந்தபோது குடும்பப்பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று நம்மிடம் இல்லையே, பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரைத்தான் போடுவோம் என்று விளக்கப்படுத்த அவரிடம் ஜெர்மன் இருக்கவில்லை. தன் பெயரையே பிள்ளைக்குக் குடும்பப்பெயராகக் கொடுத்துவிட்டு வந்தார். மகனை ராணுவத்தில் மதீசன் என்று கூப்பிடுவார்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். அந்த உடுப்பை அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அந்த முதல் நாளுக்குப் பிறகு எப்போதும் பைக்குள்தானே இருந்தது.

"உதிலை என்ரை பேர் கிடக்கு."

"ஓம். உங்கடை பேர்தான்." மதீசன் கரையில் குந்தினான். தூண்டிலின் நுனி தண்ணிக்கு மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது, பூச்சி எங்கேயோ கீழே போய்க்கொண்டிருந்தது. "அங்கை எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுவினம். அரியரத்தினம் ஓடு, அரியரத்தினம் படு, அரியரத்தினம் வண்டியை எடு."

மழை இலையில் விழுகிற சத்தம் கேட்டது.

"அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ. புட்டு அவிக்கிறா."

"தெரியும்."

"இப்ப மாத்திற கரைச்சலும் இல்லைத்தானே. சாதாரண உடுப்போடை வரலாம்தானே, தம்பி?"

"உடுப்பை மாத்தினா ஆளும் மாறிப்போம் எண்டு நினைக்கிறியள் அப்பா. ஸ்டேஷனிலை ஒருத்தன் உள்ளை போவான், வேறை ஒருத்தன் வெளியிலை வருவான். அம்மாட்டை வாறது அந்த ரெண்டாவது ஆள். அங்கை போய் வந்தது அவனில்லை." தூண்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கடைசியா மாத்தேக்கை கை நடுங்கிச் சப்பாத்துக் கயிறு அவிழ்க்க ஏலாமல் போச்சு. உள்ளுக்கை இருந்திட்டன். ஸ்ரீதரன் அண்ணைதான் கதவைத் தட்டி, 'தம்பி, நான்தான், திறவும்' எண்டு சொல்லி, வந்து அவிட்டுவிட்டவர்."

"எந்த ஸ்ரீதரன்?"

"உடுவில் ஸ்ரீதரன் அண்ணை. அங்கைதானே வேலை. அவருக்கு முதல் நாளே தெரியும்."

"ஆருக்கும் சொன்னவரோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. தேத்தண்ணி வாங்கித் தந்தவர்."

அரியரத்தினம் ஜாக்கெற்றின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார்.

"அங்கை என்ன நடந்தது?"

"பெரிசா ஒண்டும் இல்லை. எங்கடை வண்டிக்கு ஒண்டும் நடக்கேல்லை." மதீசன் புல்லைப் பிடுங்கினான். "ஒருநாள் ஒரு வீட்டுக்காரர் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டவர். கம்பளம் விரிச்சு வைச்சிருந்தவை. நல்லாத் துடைச்சு, சுத்தமா. நாங்கள் சப்பாத்துக் கழட்டக்கூடாது, ஏதும் நடந்தா ஓடோணும், அது கட்டளை. நான் சேத்துச் சப்பாத்தோடை ஏறி இருந்து தேத்தண்ணி குடிச்சன். அவர் முகம் சுழிக்கேல்லை, சீனியும் கூடப் போட்டுத் தந்தவர். வெளிக்கிடேக்கை திரும்பிப் பாத்தன். ஒரு மனிசி முழங்காலிலை இருந்து நான் மிதிச்ச இடத்தைத் துணியாலை துடைச்சுக்கொண்டு இருந்தவ. என்னை நிமிந்து பாத்தவ."

அவன் குரல் மாறவில்லை.

"அம்மாவின்ரை கதையிலை நான் எப்பவும் அம்மாவுக்குப் பக்கத்திலைதான் நிண்டனான் அப்பா. இப்ப அதைக் கேக்க எனக்கு ஏலாது. வீட்டை வந்தா அவவின்ரை முகத்தைப் பாக்கோணும்."

 சலவை ஆலையில் எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று கேட்டால் அரியரத்தினம் தூக்கத்திலும் சொல்லுவார்; இதற்கு மருந்து தெரியவில்லை. கடைசியில் தெரிந்ததை மட்டும் சொன்னார்.

"அண்டைக்கு ஊரிலை கொம்மா தனிய நிண்டவ. மாசியிலை நீ தனிய நிண்டனி. ரெண்டு இடத்துக்கும் நான் வரேல்லை, தம்பி. வந்திருக்கோணும்."

மதீசன் அவரைப் பார்த்தான். அப்போது தூண்டில் கரையை விட்டு வழுக்கத் தொடங்கியது. கவனிப்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்த பூச்சியை ஏதோ கவ்வியிருந்தது. மதீசன் பாய்ந்து பிடித்தான். அரியரத்தினம் ஈரக் காலோடு தண்ணிக்குள் இறங்கி வலைக்கூடையால் கோலினார். சிவப்புப் புள்ளி போட்ட ஆற்றுமீன், ஒரு முழங்கை நீளம். விதிப்படி மதீசன் அதன் தலையில் தடியால் ஒரே அடி அடித்து முடித்தான். அரியரத்தினம் றோல்ஸ் சுற்றிவந்த வெள்ளித்தாளில் அதைச் சுற்றினார்.

"எறிஞ்ச நேரமெல்லாம் வரேல்லை. விட்டாப் பிறகு வருது," என்றான் மதீசன்.

"இண்டைக்கு வா. ஒண்டும் மாத்தவேண்டாம். இருக்கிறபடி வா. இதைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு நான் போறன்."

"அம்மா பயப்பிடுவா."

"பயப்பிட்டா நான் நிக்கிறன். இந்த முறை நான் நிக்கிறன்."

"பாப்பம்," என்றான் மதீசன்.

திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ரூர் பகுதி ஆட்களை எசனில் இறக்கிவிட்டு அது மூன்ஸ்டர் பக்கம் போகும். மதீசன் ஸ்வெனுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். எசன் ஸ்டேஷனில் பஸ் நின்றது. அரியரத்தினம் மகனின் பக்கம் திரும்பாமல் இறங்கினார். பார்த்தால் கெஞ்சுவதுபோல ஆகிவிடும் என்று பயம். கையில் மீன் பொட்டலத்தோடு மழையில் நின்றார். பஸ்ஸின் கதவு மூடவில்லை. பிறகு படியில் கனத்த சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஸ்டேஷனுக்குள் கழிவறைக்குப் போகிற வாசலடியில் ஸ்ரீதரன் தண்ணி வாளி வண்டியோடு நின்றார். தகப்பன் ராணுவ ஜாக்கெற்றோடும் மகன் சப்பாத்தோடும் வருவதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல மதீசனுக்கு வழிவிட வண்டியை ஒதுக்கினார். இரண்டு பேரும் உள்ளே போகவில்லை. அரியரத்தினம் நின்று, "அண்ணை, வீட்டை ஒருக்கா வாங்கோ. சாப்பிட," என்றார். ஸ்ரீதரன் தலையாட்டினார்.

மூன்றாம் மாடிக்கு ஏறும்போது அரியரத்தினம் முழங்காலைத் திட்டவில்லை. மணியை அடித்தார். மதீசன் இரண்டு படி கீழே நின்றான்.

கதவு திறந்தது. புஸ்பவதி முதலில் அந்த ஜாக்கெற்றைத்தான் கண்டாள்.  ஒரு கை கதவைப் பிடித்தது, கால் பின்னால் ஒரு அடி போனது.

"நான்தான், புஸ்பம். குளிருக்குப் பிள்ளை தந்தவன். வாசிச்சுப் பாரும், என்ரை பேர்."

அவள் வாசித்தாள். விரலால் தொட்டு எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு அவருடைய தோளுக்கு மேலால் படியைப் பார்த்தாள். மகனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே சப்பாத்தைப் பார்த்தாள். சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மதீசன் அசையவில்லை. குசினியிலிருந்து புட்டு வாசம் வந்தது. அரியரத்தினம் குறுக்கே நகர்ந்து நிற்கப் பார்த்தார். அவள் அவரைக் கையால் ஒதுக்கினாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா தம்பி," என்றாள். "சாப்பாடு ஆறுது."

மதீசன் வாசலில் குந்தினான். கயிறு நீளம், முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அவன் விரலுக்கு அது நெகிழவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை, கதவைச் சாத்தவுமில்லை. ஆமிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தவர்களில் கழற்றுவதற்காகக் குனிந்தவன் இவன் ஒருவன்தான். அவன் முடிச்சோடு போராடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவளும் எதிரே குந்தினாள். நகத்தால் முடிச்சை நெகிழ்த்தி, ஒவ்வொரு காலாகக் கழற்றினாள். பிறகு வாசலுக்கு உள்ளே செருப்பு அடுக்குகிற தட்டில் தன் செருப்பைத் தள்ளி இடம்விட்டு, அந்தச் சப்பாத்து இரண்டையும் எடுத்து உள்ளே வைத்தாள்.